கேமிங் லேப்டாப் திணறுகிறதா? சூடா, கரண்ட்டா என்று கண்டுபிடிக்கும் வழி

போன மே மாதம் சித்தி மகன் மதுரையிலிருந்து தன் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாங்கி இரண்டரை வருடம். எந்த கேமைத் திறந்தாலும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம்தான் (திரையில் மாறும் படங்கள்) வருகிறது என்று புலம்பல். அதற்குள் அவன் பார்த்துவிட்டு வந்த வைத்தியங்களைக் கேளுங்கள்: இரண்டு கடையில் தெர்மல் பேஸ்ட் (சில்லின் சூட்டை மேலே உள்ள செம்புக்குக் கடத்தும் பசை) மாற்றியாயிற்று, மூன்று ஃபேன் வைத்த கூலிங் பேட் வாங்கியாயிற்று, விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டாயிற்று. “சூடுதாண்ணா பிரச்சினை, எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க” என்றான். கேமை ஓடவிட்டு ஓரத்தில் வெப்பநிலையைப் பார்த்தேன். 52 டிகிரி. 52 டிகிரியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும் பிராசஸருக்கு எதற்குப் பேஸ்ட்?

அவன் லேப்டாப்பில் என்ன கோளாறு என்பது கீழே வருகிறது. அதற்கு முன் ஒரு விஷயம். இந்த வகை லேப்டாப்பின் வேகத்தை மறிக்க இரண்டு சுவர்கள் உண்டு: சூடு ஒன்று, மின்சாரம் இன்னொன்று. எதில் முட்டினாலும் திரையில் தெரிவது ஒன்றே, ஃப்ரேம் சரியும். சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது, ஃபேன் இரைச்சல் காதில் விழுகிறது. அதனால் பழி எல்லாம் அதன் தலையில் விழுகிறது. மின்சாரத் தட்டுப்பாடு சத்தம் போடாது.

முதலில் இதைத் திறந்து வையுங்கள்

எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் வரும், பயப்பட வேண்டாம். நமக்கு ஐந்து போதும்: சிபியு (பிராசஸர்) வெப்பநிலை, சிபியு பேக்கேஜ் பவர் (அது தின்னும் வாட்), ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) வெப்பநிலை, ஜிபியு பவர், பேட்டரி சார்ஜ் ரேட். வழக்கமாகத் திணறும் கேமை இருபது நிமிடம் ஓடவிட்டு, திணறும் அந்தத் தருணத்தில் இந்த ஐந்தும் என்ன சொல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. பக்கத்தில் இருக்கும் வாட் எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டிகிரி உச்சத்தில் நிற்கிறது, வாட் கீழே இறங்குகிறது என்றால் சூட்டுச் சுவர். டிகிரி குறைவு, வாட்டும் குறைவு, ஆனால் கேம் திணறுகிறது என்றால் மின்சாரச் சுவர். டிகிரியும் அதிகம், வாட்டும் முழுதாக வருகிறது என்றால் நோயே இல்லை. இயந்திரம் முழு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

“ஐந்து பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஃப்ரேம் சரிகிறது”

அதிகம் கேட்கப்படும் புகார் இது. பெரும்பாலும் சூடுதான். ஆனால் சூட்டிலும் மூன்று வகை இருக்கிறது. எது என்று தெரியாமல் பேஸ்ட் போடக் கிளம்பினால் காசு வீண்.

கேமை ஓடவிட்டு, காற்று வெளியே வரும் துவாரத்தில் உள்ளங்கையை வையுங்கள். மென்பொருளில் சிபியு 98 டிகிரி காட்டும்போது, கையில் நல்ல வேகத்தில், ஆனால் வெதுவெதுப்பாகத்தான் காற்று படுகிறதா? அப்படியானால் சூடு சில்லிலிருந்து செம்புத் தகட்டுக்கே வந்து சேரவில்லை. பேஸ்ட் போய்விட்டது. காற்றே சன்னமாகத்தான் வருகிறது, வருவதும் கொதிக்கிறதா? தூசு அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் காற்று வருகிறது, மறுபக்கம் வரவே இல்லை என்றால் அந்தப் பக்கத்து ஃபேன் செத்துவிட்டது.

நேரத்தை வைத்தும் இதைச் சொல்லலாம். பேஸ்ட் கெட்டிருந்தால் கேம் திறந்த சில நொடிகளிலேயே 95ஐத் தொடும், மூடியதும் அதே வேகத்தில் 60க்கு விழும். ஏனென்றால் ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் செம்புத் தொகுதி) சூடாகவே இல்லை. தூசு என்றால் ஏறுவதற்கும் நிமிடக்கணக்கு, இறங்குவதற்கும் நிமிடக்கணக்கு. சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் ஒன்று 98லும் பக்கத்துக் கோர் 80லும் இருந்தால் அதுவும் பேஸ்ட் பக்கம்தான் கை காட்டும்.

தூசு எங்கே உட்காரும் தெரியுமா? அடி மூடியைக் கழற்றியதும் ஃபேன் இறக்கையில் கொஞ்சம் படிந்திருக்கும். அதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும். ஃபேனைக் கழற்றினால், பஞ்சு மெத்தையிலிருந்து உரித்தெடுத்த மாதிரி ஒரு பட்டை, சாம்பல் நிறத்தில், முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கனமாக இருக்கும்.

செய்வதற்கு முன் லேப்டாப்பை முழுதாக அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும், சுழலும் மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தை போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் செய்யும். வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலை மின்சாரம் வரும்.

பேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. மேசைக் கம்ப்யூட்டருக்கு நன்றாக உழைக்கும் பேஸ்ட், லேப்டாப்பில் ஆறே மாதத்தில் தோற்கலாம். இங்கே சில்லுக்கு மேல் உலோக மூடி கிடையாது, ஹீட் சிங்க் நேராக சில்லின் மேல் உட்காருகிறது. ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் இரண்டும் விரிந்து சுருங்கி, நடுவில் இருக்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுக்கித் தள்ளும். ஆகவே தண்ணியாக இருக்கும் பேஸ்ட்டை விட, கெட்டியான பேஸ்ட் அல்லது ஹனிவெல்லின் பிடிஎம்7950 மாதிரி சூட்டில் இளகும் தாள் இதற்குப் பொருத்தம். என் லேப்டாப்பில் அந்தத் தாளைத்தான் ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் மாடலில் கம்பெனியே திரவ உலோகம் போட்டு அனுப்பியிருந்தால் நீங்கள் திறக்காதீர்கள், திறப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி தப்பிப் பக்கத்தில் விழுந்தால் போர்டு காலி. அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்தும் விடும்.

தூசும் இல்லை, பேஸ்ட்டும் புதிது, இரண்டு ஃபேனும் சுற்றுகின்றன, ஆனாலும் மே மாதத்தில் மட்டும் ஃப்ரேம் சரிகிறது என்றால்? ஹீட் சிங்க் அறைக் காற்றை விடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. அறைக்கும் சில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காப்பாற்றுகிறது. ஏசி அறையில் 24 டிகிரியில் ஜிபியு 78ல் நின்றது என்றால், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே வாட்டுக்கு ஏறக்குறைய 90ஐ நோக்கிப் போகும். என்விடியா லேப்டாப் ஜிபியுக்கள் பெரும்பாலும் 87 டிகிரி பக்கத்தில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் கெடவில்லை, வெயில் ஏறிவிட்டது. குளிர்ந்த நாட்டில் எடுத்த விமர்சன வீடியோவைப் பார்த்துவிட்டு “எனக்கு மட்டும் ஏன் 10 டிகிரி அதிகம்” என்று கேட்பவர்கள் அவரவர் அறையின் தெர்மாமீட்டரைப் பார்த்தாலே போதும்.

அதற்கு என்ன செய்யலாம்? பின்பக்கத்தை உயர்த்துங்கள். காற்றை அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, ரப்பர் கால் தரும் சில மில்லிமீட்டர் இடைவெளி போதாது. பின்னால் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்தாலே வித்தியாசம் தெரியும். மெத்தை, மடி, விரிப்பு எல்லாம் எதிரிகள். ஃபேன் வைத்த கூலிங் பேட் தரும் பலனில் பெரும்பங்கு அது லேப்டாப்பைத் தூக்கி நிறுத்துவதிலிருந்தே வருகிறது என்பது என் அனுபவம். பாட்டில் மூடிக்குக் காசு கிடையாது.

அடுத்தது, பலரும் நம்பாத வழி: சிபியுவின் வாட்டைக் குறைத்தால் ஃப்ரேம் கூடும். பெரும்பாலான மாடல்களில் சிபியு, ஜிபியு இரண்டுக்கும் செம்புக் குழாய்கள் பொது. ஒரே அடுப்பில் இரண்டு பானை மாதிரி, ஒன்று கொதித்தால் மற்றதும் தப்பாது. ஐ7-13700எச்எக்ஸ் மாதிரியான ஒரு சிபியுவுக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 55 வாட், டர்போவில் (தேவைப்படும்போது வேகத்தை ஏற்றும் ஏற்பாடு) உச்சம் 157 வாட். கேமுக்கு அவ்வளவு தேவையே இல்லை. உற்பத்தியாளர் தரும் மென்பொருளிலோ த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளிலோ நீண்டநேர வரம்பை 45 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால், விண்டோஸ் பவர் பிளானில் அதிகபட்ச பிராசஸர் நிலையை 100லிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ பெரும்பாலும் நின்றுவிடும். இது மொட்டை வைத்தியம்தான், சிபியுவை அதிகம் தின்னும் கேம்களில் ஃப்ரேம் அடி வாங்கும். ஆனால் பத்து வினாடியில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் மேல் தவறில்லை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதைப் பூட்டிவிட்டது. ஜிபியுவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் இன்றைக்கும் செய்யலாம்.

“சூடே இல்லை, ஆனால் எல்லாம் ஆமை வேகம்”

சித்தி மகன் கேஸ். எச்டபிள்யூ-இன்ஃபோவில் சிபியு வேகத்தைப் பாருங்கள். 0.79 கிகாஹெர்ட்ஸ் அல்லது 0.39, அதற்கு மேல் அசையவில்லை, வெப்பநிலையும் 50 பக்கம் என்றால், யாரோ பிராசஸரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிராசஸருக்கு ‘ப்ரோச்சாட்’ என்று ஓர் அவசர சமிக்ஞைக் கம்பி உண்டு. அதை பிராசஸர் மட்டும் அழுத்துவதில்லை. போர்டில் இருக்கும் மற்ற பாகங்களும் “போதும், நிறுத்து” என்று வெளியிலிருந்து அழுத்தலாம். அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டாலும் இது நடக்கும்.

டெல், எச்பி மாடல்கள் பலவற்றின் அடாப்டர் முனையை விளக்கொளியில் பாருங்கள். குழல் நடுவில் ஊசி மாதிரி ஒரு முள் இருக்கும். மின்சாரம் வருவது குழலின் உள்சுவர், வெளிச்சுவர் வழியாக. முள்ளின் வேலை வேறு: “நான் 240 வாட் அடாப்டர்” என்று லேப்டாப்பிடம் சொல்வது. அந்தத் தகவல் வராவிட்டால் லேப்டாப் எச்சரிக்கையாகிவிடும். ஏதோ தெரியாத அடாப்டர், அதிகம் இழுத்தால் எரிந்துவிடும் என்று பிராசஸரைத் தரைக்கு இறக்கி, பேட்டரிக்கு ஏற்றுவதையும் நிறுத்திவிடும்.

அவனுடைய அடாப்டரில் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒயரை அணைத்தபடி விளையாடியதன் பலன். அடுத்த தெரு நண்பரிடம் அதே வகை அடாப்டரைக் கடன் வாங்கிச் செருகினோம். 0.79 என்று நின்ற எண் கண்ணெதிரே 4.6க்குத் தாவியது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேஸ்ட், ஒரு கூலிங் பேட், ஒரு வாரத் தூக்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு வேகத்தைப் பாருங்கள். பேட்டரியில் வேகம் திரும்பினால் குற்றவாளி அடாப்டர் பக்கம். முனையில் முள்ளைப் பாருங்கள், லேப்டாப் பக்கத்துத் துளையையும் பாருங்கள். பயாஸ் திரையில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும் மாடல் என்றால் அங்கே ‘தெரியவில்லை’ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில், பிராசஸர் வேகத்தை ஃபர்ம்வேர் (போர்டின் உள்மென்பொருள்) குறைக்கிறது என்று சொல்லும் 37ஆம் எண் பதிவு வரிசையாக இருந்தால் சந்தேகம் உறுதி. பேட்டரியிலும் 0.79 தான் என்றால் லேப்டாப்பை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். மாட்டிக்கொண்ட கட்டுப்பாட்டுச் சில்லு சில சமயம் இதிலேயே விடுபடும். விடுபடாவிட்டால் போர்டு வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

த்ராட்டில்ஸ்டாப்பில் இந்தச் சமிக்ஞையையே கண்டுகொள்ளாமல் விடும் பொத்தான் உண்டு. வீடியோக்களில் அதைத்தான் தீர்வு என்கிறார்கள். காரணம் அடாப்டர் முள்தான் என்று உறுதியாகத் தெரிந்து, புது அடாப்டர் வரும் வரை ஒரு வாரம் எழுத்து வேலை பார்க்க என்றால் சரி. காரணம் தெரியாமல் அதைத் தட்டுவது, தீ அபாய மணி அடிக்கிறதே என்று மணியைக் கழற்றி வைப்பது போல.

“சார்ஜர் போட்டுத்தான் விளையாடுகிறேன், பேட்டரி குறைகிறது”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு முழு வரம்பில் 140 வாட். சிபியு 65. திரை, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 30 என்று வையுங்கள். 235 ஆயிற்று. 20 வோல்ட்டைச் சில்லுக்குத் தேவையான ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கும் சுற்றுகளில் பத்து சதவீதம் போல வீணாகும். ஆக 255 தாண்டும். அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பது 230. மீதி 25, 30 வாட் எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்து. தொடர்ந்து 30 வாட் இழுத்தால் 90 வாட்-அவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு ஒரு மணி நேரத்தில் காலி.

இதில் பாதி வேண்டுமென்றே செய்தது. கனமான காட்சியில் சில நொடி எகிறும் தேவையை பேட்டரி பார்த்துக்கொள்ளட்டும், அடாப்டரைச் சிறியதாக்குவோம் என்பது வடிவமைப்பு. இரண்டு மணி நேர ஆட்டத்தில் பத்து சதவீதம் குறைந்து, லாபியில் திரும்ப ஏறினால் கவலைப்பட வேண்டாம். நேராகச் சரிந்துகொண்டே போனால் கவலைப்பட வேண்டும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனதும் லேப்டாப் அதைக் காப்பாற்ற ஜிபியுவின் வாட்டை வெட்டிவிடும். ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, திடீரென ஃப்ரேம் பாதியாகும் மர்மம் பல சமயம் இதுதான். ஐந்து பத்து நிமிடத்தில் சரிந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள், ஒரு மணி நேரம் கழித்துச் சரிந்தால் பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள்.

முதலில் அடாப்டர் லேப்டாப்போடு வந்ததுதானா என்று பாருங்கள். ஒரே முனை, ஒரே வோல்ட் என்பதற்காக 180 வாட் அடாப்டரை 280 வாட் லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. லேபிளில் வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 16.5 ஆம்ப் என்றால் 330 வாட். அதிக வாட் அடாப்டர் போட்டால் ஆபத்தா என்று கேட்கிறார்கள்: வோல்ட்டும் முனையும் அடையாளச் சமிக்ஞையும் ஒத்திருந்தால் ஆபத்தில்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். அதற்காக வேகமும் கூடிவிடாது.

80 சதவீதத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது என்பது வேறு விஷயம். உற்பத்தியாளர் மென்பொருளில் பேட்டரி பாதுகாப்பு வரம்பு போட்டிருக்கும். அப்படியே விடுங்கள், எப்போதும் செருகியே வைத்திருக்கும் பேட்டரிக்கு அது நல்லது.

“பட்டென்று அணைந்துவிடுகிறது, நீலத் திரைகூட வருவதில்லை”

அணைந்த அந்த நொடியில் அடாப்டரின் விளக்கைப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கும் அணைந்து, சுவரிலிருந்து பிடுங்கிச் சற்று நேரம் விட்டுச் செருகினால்தான் திரும்ப எரிகிறது என்றால் அடாப்டர் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. அதிகம் இழுத்திருக்கிறார்கள், அல்லது அடாப்டரே சூடாகிவிட்டது. அடாப்டருக்கு ஃபேன் கிடையாது. மெத்தைக்கு அடியிலோ, போர்வை மடிப்பிலோ, லேப்டாப்பின் சூடான காற்று படும் இடத்திலோ கிடந்தால் அது வேகும். வெறும் தரையில், தனியாக, காற்றுப் படும்படி வையுங்கள்.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, லேப்டாப் மட்டும் செத்தது என்றால் உள்ளே பாருங்கள். வெப்பநிலைப் பதிவை ஒரு கோப்பில் சேமிக்கச் சொல்லிவிட்டு விளையாடுங்கள். கடைசி வரியில் 100 டிகிரி இருந்தால் சூடு. 80 தான் இருந்தது என்றால் பேட்டரி மேல் சந்தேகம். அடாப்டரால் கொடுக்க முடியாத நொடிநேர எகிறலைத் தாங்க வேண்டிய பேட்டரி தளர்ந்துபோயிருந்தால் வோல்ட் தொப்பென்று விழுந்து எல்லாம் அணையும். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே வந்திருந்தால் மாற்றும் நேரம். இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் அணைகிறது என்றாலும் இதே பேட்டரிதான். நல்ல பேட்டரி இருந்தால் கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியக்கூடாது.

ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடாதீர்கள். “முறையாக அணைக்கப்படவில்லை” என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

சுவர்ப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். 330 வாட் அடாப்டர் முழுச் சுமையில் சுவரிலிருந்து 370 வாட் போல இழுக்கும், 230 வோல்ட்டில் 1.6 ஆம்ப்தான். 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு அது பெரிய சுமையே இல்லை. சிக்கல் பிடிப்பில்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். பிளக்கைப் பிடுங்கியதும் முள்ளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது, அல்லது பித்தளை கருத்திருக்கிறது என்றால் அந்தப் பாக்ஸை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். லேப்டாப் முனைக்கும் இது பொருந்தும். 16.5 ஆம்ப் ஓடும் இடத்தில் வெறும் 0.01 ஓம் தளர்வு இருந்தாலும் அந்தச் சின்ன முனையில் 2.7 வாட் சூடு பிறக்கும். பிளாஸ்டிக் பழுப்பேறி வளைவது அதனால்தான். மேசை கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸில் இதைச் செருகுபவர்கள் கவனிக்க: அது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும், கூடவே மானிட்டரையும் மாட்டினால் கீச்சென்று கத்திவிட்டு விழும்.

“டைப்-சி சார்ஜரில் போட்டால் கேம் நகரவே இல்லை”

நகராது. யுஎஸ்பி பவர் டெலிவரியில் நெடுநாள் உச்சம் 100 வாட்தான், 20 வோல்ட் 5 ஆம்ப். 2021ல் வந்த 3.1 பதிப்பு 48 வோல்ட் வரை போய் 240 வாட்டைத் தொடுகிறது. ஆனால் சார்ஜர், கேபிள், லேப்டாப்பின் துளை மூன்றும் அதை ஏற்க வேண்டும். உங்கள் லேப்டாப் துளை 100 வாட் என்றால் 240 வாட் சார்ஜர் வாங்கினாலும் 100தான் வரும். பயணத்தில் எழுதவும் படம் பார்க்கவும் டைப்-சி, விளையாடப் பெரிய செங்கல் மாதிரி இருக்கும் அடாப்டர். வேறு வழி இல்லை.

பேட்டரியில் மட்டும் விளையாடினால் வேகம் பாதிகூட இல்லை என்பதும் இதே குடும்பம். விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துச் செல்ல 100 வாட்-அவர்தான் எல்லை, ஆகவே எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் பேட்டரி 99 பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதிலிருந்து 230 வாட் உறிஞ்சினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது, செல்களும் வீணாகும். அதனால் ஜிபியுவுக்குக் கடிவாளம் போட்டே அனுப்புகிறார்கள்.

“95 டிகிரி காட்டுகிறது, பயமாக இருக்கிறது”

கேம் சீராக ஓடுகிறதா? வாட் இறங்காமல் நிற்கிறதா? அப்படியென்றால் மென்பொருளை மூடிவிட்டு விளையாடுங்கள். மேலே சொன்ன ஐ7-13700எச்எக்ஸ் மாதிரியான இன்டெல் சிபியுக்களுக்கு 100 டிகிரி வரம்பு, ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. டர்போ என்பதே, இடம் இருக்கும் வரை ஏறு, வரம்பு வந்தால் நில் என்ற ஏற்பாடு. குளிர்விப்பை மேம்படுத்தினாலும் பல சமயம் டிகிரி குறையாது, அதே 95ல் இன்னும் கூடுதல் வாட் ஓடும். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. போன வருடம் அதே அறையில், அதே கேமில் 82 இருந்தது இப்போது 95 என்றால் தூசு, பேஸ்ட்.

“அதே ஆர்டிஎக்ஸ் 4060, நண்பன் லேப்டாப்பில் மட்டும் ஃப்ரேம் அதிகம்”

பெயர் ஒன்று, சாப்பாடு வேறு. என்விடியா 4060 லேப்டாப் ஜிபியுவுக்கு 35 முதல் 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது, எதை வைப்பது என்பது லேப்டாப் தயாரிப்பவர் விருப்பம். அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று, சிபியு சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை ஜிபியுவுக்குத் தள்ளும் ஏற்பாடு. 115உம் 25உம் சேர்ந்ததுதான் விளம்பரத்தில் வரும் 140. மெல்லிய லேப்டாப்பில் 75, 80 வாட்டில் கட்டியிருந்தால் எந்தப் பேஸ்ட்டும் அதை 140 ஆக்காது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவல் பக்கத்தில் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்று இந்த எண் இருக்கும். உங்களுடையது 140 என்று சொல்லி, ஓட்டத்தில் 80 தான் வருகிறது என்றால் பெர்ஃபார்மன்ஸ் மோடை மாற்றிப் பாருங்கள். அமைதி மோடில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

“கை வைத்தால் சுருக்கென்று ஒரு அதிர்வு”

உலோக உடம்பு லேப்டாப்பில், சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும், மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போல. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் இருந்தால் அந்த வழியே போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் வழியே தரைக்குப் போகிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வர்ட்டரில் மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். நேராகச் சுவரில் செருகியும் வந்தால் வீட்டு எர்த்திங்கையே எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். லேசான ஊரலுக்குப் பதில் நிஜமாகவே ஷாக் அடித்தால் அந்த அடாப்டரைத் திரும்பச் செருகாதீர்கள்.

“டச்பேட் கிளிக் ஆகவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது”

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் உங்களுக்கு இருப்பது இதுவென்றால் மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. லேப்டாப்பை மூடி, சமமான கண்ணாடி மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அடிமூடி வயிறு போல இறங்கியிருப்பது தெரியும். உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், திரும்பச் செருக வேண்டாம். குத்துவதோ, அழுத்தித் தட்டையாக்க முயல்வதோ கூடாது. உள்ளே இருக்கும் வாயு எரியக்கூடியது. திருகைக் கழற்றப் பழக்கம் இருந்தாலும் இதை மட்டும் சர்வீஸ் சென்டரில் விடுங்கள். எடுத்துப் போகும்போது பெட்ரோல் டேங்க் மேல் பையில் வைக்காமல், ஆட்டோவில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு போங்கள்.